கிளவுன் லோச் குஞ்சுகளும் எங்கள் ஊர்த் தண்ணீரும்

கிளவுன் லோச் கேட்டு என் கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். “உங்கட வீட்டில என்ன தண்ணி? கிணறா, குழாயா?” சிலர் திகைப்பார்கள். மீன் வாங்க வந்த இடத்தில் தண்ணீரைப் பற்றி விசாரிப்பது அவர்களுக்குப் புதிது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே, கல்லடியில் அலங்கார மீன் வளர்த்து விற்றுப் பிழைக்கும் நான் இந்தத் தொழிலில் உறுதியாகக் கற்றுக்கொண்டது இதுதான்: இந்த மீனின் குஞ்சைப் பிழைக்க வைப்பது தண்ணீர். தீனியும் மருந்தும் அதற்குப் பின்னால் வருபவை.

கிளவுன் லோச்சைப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். செம்மஞ்சள் உடம்பு. கண்ணின் குறுக்காக ஒன்று, நடு உடம்பில் ஒன்று, வாலை அண்டி ஒன்று என மூன்று அகலமான கறுப்புப் பட்டைகள். சிவந்த செட்டை. கீழ்நோக்கிய வாயைச் சுற்றிச் சின்ன மீசைகள். கடைக்கு வரும்போது ஒன்றரை அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் இருக்கும். தங்கமீன், கப்பி, ஏஞ்சல் என்று வளர்த்துப் பழகியவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான். கப்பிக்குப் போட்ட கணக்கை இதற்கும் போடுகிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இது சுமாத்திரா, போர்ணியோ தீவுகளின் பெரிய ஆறுகளைச் சேர்ந்த மீன். பத்தாவியாவில் வேலை பார்த்த ஒல்லாந்துப் படை மருத்துவர் பீற்றர் பிளீக்கர் 1852இல் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். 2004இல் மீனியலாளர் மொறிஸ் கொட்டலா இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். குரோமோபோட்டியா என்ற அந்தப் பேரினத்தில் இந்த ஓரினம் மட்டும்தான் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும்போது பெரிய மீன்கள் ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறி முட்டையிடும். குஞ்சுகள் வெள்ளத்தோடு கீழே வந்து, கரை மேவிப் பரந்த தாழ்நிலங்களில் வளரும். மாரி வெள்ளத்தில் விராலும் பனையானும் வயலுக்குள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சுமாத்திரா மீனவர்கள் மூங்கில் குழாய்களை ஆற்றில் இறக்கி வைப்பார்கள். ஒளிந்துகொள்ள இடம் தேடும் குஞ்சுகள் தாமாகவே அதற்குள் புகுந்துவிடும். இப்படிப் பிடிபட்டு வருடந்தோறும் கோடிக்கணக்கான குஞ்சுகள் இந்தோனேசியாவிலிருந்து உலகமெங்கும் போகின்றன. ஹோர்மோன் ஊசி போட்டுப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையும் இப்போது உண்டு. இந்தோனேசியாவின் டெப்போக் நகர ஆய்வு நிலையத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து அதை ஒழுங்கான முறையாக்கினார்கள். ஆனாலும் நம் கைக்கு வரும் குஞ்சு ஆற்றில் பிறந்து, பிடிபட்டு, பல பொலித்தீன் பைகள் மாறி வந்த குஞ்சு என்று நினைத்தே நான் வேலை செய்கிறேன்.

இதன் தூரத்து உறவு ஒன்று எங்கள் ஓடைகளிலும் இருக்கிறது. அதுதான் அயிரை. அயிரையை விஞ்ஞான உலகம் அறிந்ததே எங்கள் கிழக்கிலிருந்துதான். திருகோணமலைக் கன்னியா வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் கிடைத்த மீனை வைத்து 1846இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலன்சியென் அதை விவரித்தார். அயிரை மணலில் புதைந்து கிடப்பதையும், மீசையால் மணலைத் துழாவித் தின்பதையும் கண்டவர்களுக்கு, லோச் தொட்டியில் கூரான கல் ஏன் ஆகாது என்பது சொல்லாமலே விளங்கும். உடைகல்லில் உரசி மீசை தேய்ந்தால் குஞ்சுக்குத் தீனி தேடத் தெரியாமல் போய்விடும். மெல்லிய ஆற்று மணலை அரித்துக் கழுவிப் போடுங்கள். கல்லடிக் கடற்கரை மணல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தாலும் அதை எடுக்காதீர்கள். அதிலுள்ள சிப்பித் தூள் கரைந்து கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். வாவிக்குக் கிழக்கே, நாங்கள் இருக்கும் எழுவான்கரை ஓர் ஒடுங்கிய மணல் திட்டு. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீருக்கு மேலே நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. எங்கள் கிணறுகள் தருவது அந்தத் தண்ணீரைத்தான். மாரி முடிந்த கையோடு, தை மாசியில், அந்தப் படை தடிப்பாக இருக்கும். தண்ணீரும் மென்மையாக இருக்கும். ஆடி ஆவணியில் படை மெலியும், உவர் ஏறும். 2004 சுனாமியில் கடல் புகுந்த கிணறுகள் பருவமழை கண்ட பிறகுதான் தேறின. சுத்தம் செய்வதாக நினைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் அடி உப்பு மேலே ஏறியது. ஆகவே “எங்கட கிணத்துத் தண்ணி நல்லம்” என்று ஒருவர் சொன்னால், எந்த மாதத்தில் என்று கேட்பேன். தை மாதம் செழித்து நிற்கும் குஞ்சு, அதே கிணற்றுத் தண்ணீரில் ஆவணி மாதம் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும்.

குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிறது. அது வருடம் முழுக்க ஓரளவு ஒரே சீராக இருப்பதால் எனக்கு அதுதான் விருப்பம். அதில் கலந்திருக்கும் குளோரின் போக வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் முழுக்கக் காற்று அடித்தால் போய்விடும். அவசரத்துக்கு சோடியம் தயோசல்பேற்று சில துளி விடலாம். குழாய் இல்லாதவர்களுக்கு மழைநீர் இருக்கிறது. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும். பிறகு பெய்வதை மூடிய தாங்கியில் சேர்த்து வைத்து, கோடையில் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து விடுங்கள். பி.எச். 6.5க்கும் 7.5க்கும் நடுவில் ஆடாமல் நிற்க வேண்டும். எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட அது நாளுக்கு நாள் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் குஞ்சுக்கு உதவும். வாவித் தண்ணீர் அள்ளி வரச் சொல்லிக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. பாலமீன்மடு முகத்துவாரம் திறந்ததும் உப்பாகும் அந்தத் தண்ணீர் இந்த மீனுக்கு ஆகாது.

குஞ்சுகள் கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ரெஜிபோம் பெட்டிக்குள் வருகின்றன. பையைத் திறக்கும் முறையில் பலர் அறியாத விடயம் ஒன்று உண்டு. நீண்ட பயணத்தில் மீன் விடும் மூச்சால் பைத் தண்ணீரில் காபனீரொட்சைட்டு கூடி, பி.எச். இறங்கிவிடும். கழிவிலிருந்து சேர்ந்த அமோனியா அந்தப் புளிப்புத் தண்ணீரில் அவ்வளவு நஞ்சில்லாத வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாக மாறும். ஆகவே கட்டிய பையையே தொட்டியில் மிதக்க விட்டு, சூடு சமமானதும் திறந்து, தாமதிக்காமல் குஞ்சுகளை மாற்றிவிட வேண்டும். திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பது பக்கத்து ஊரிலிருந்து வரும் மீனுக்குச் சரி. நெடும்பயண மீனுக்குச் சரியில்லை. பைத் தண்ணீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக் கூடாது.

மாற்றுவதற்கு வலை போடாதீர்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே இரண்டாகப் பிளந்த முள் ஒன்று மடங்கி இருக்கிறது. பயந்தால் மீன் அதை நிமிர்த்தும். வலையில் அது சிக்கினால் முகமே கிழியும். நான் பிளாஸ்ரிக் குவளையை அமிழ்த்தி, குஞ்சைத் தண்ணீரோடு கோலி எடுக்கிறேன். விற்கும்போது இரட்டைப் பை போடுவதும் அந்த முள்ளுக்காகத்தான்.

புதுக் குஞ்சுகளை முதலில் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்திருப்பது என் வழக்கம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 190 லீற்றர் பிடிக்கும். எட்டு, பத்துக் குஞ்சுக்கு அது அந்தக் காலத்துக்குப் போதும். அந்தத் தொட்டி பழுத்த தொட்டியாக இருக்க வேண்டும். பில்டர் ஸ்பொஞ்சில் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு கிழமை எடுக்கும். இன்றைக்குக் கண்ணாடி ஒட்டி, நாளைக்குத் தண்ணீர் விட்டு, நாளன்றைக்கு லோச் விடுவதாகச் சொல்பவருக்கு நான் மீன் கொடுப்பதில்லை. உள்ளே பீவீசி குழாய்த் துண்டுகள், கவிழ்த்த மண்முட்டி, நாட்டு வாதுமைச் சருகு, மங்கலான வெளிச்சம். குழாய்க்குள் நாலைந்து குஞ்சுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தால் அவை தேறிவிட்டன என்று அர்த்தம். ஒளிய இடம் கொடுத்தால் மீன் வெளியே வராது என்று பயப்படுவார்கள். ஒளிய இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அது வெளியே வருகிறது.

ஒற்றைக் குஞ்சு வாங்கிப் போவதற்கு நான் சம்மதிப்பதில்லை. இது கூட்டத்தில் வாழும் மீன். ஐந்துக்குக் குறைந்தால் பயந்து, தின்னாமல், நிறம் மங்கிப்போகும். கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்ற போட்டி வரும்போது இரண்டு மீன் உடம்பு சாம்பல் நிறமாகி ஒன்றையொன்று உரசிச் சுற்றும். சில நேரம் “டிக்” என்று கண்ணாடிக்கு வெளியே கேட்கும்படி ஒலி எழுப்பும். தீனி தின்னும் உற்சாகத்திலும் அந்த ஒலி வரும். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காது வைத்துப் பாடும் மீனைக் கேட்ட ஊர் எங்களுடையது. பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ற் 1848இல் இங்கு வந்து அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். அதனால்தானோ என்னவோ, லோச் கதைக்கும் என்று நான் சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே நம்புகிறார்கள்.

நம்பச் சிரமப்படுவது அதன் நித்திரையை. இரவில் அழைப்பு வரும். “தம்பி, மீன் ஒண்டு சரிஞ்சு கிடக்கு. செத்திட்டுப் போல.” நான் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, செவுள் ஆடுதா?” “ஆடுது.” “அப்ப நித்திரை. லைற்ற அணைச்சிட்டு விடுங்க.” லோச் பக்கவாட்டில் சரிந்து, சில நேரம் மல்லாந்தும்கூட, ஓய்வெடுக்கும். செவுள் சீராக ஆடி, நிறமும் பளிச்சென்று இருந்தால் அதைத் தட்டி எழுப்பாதீர்கள்.

குஞ்சுக்கு ஒரு நாளில் மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போட வேண்டும். முக்கியமான வேளை மாலை மங்கும் நேரம். மங்கல் வெளிச்சத்தில்தான் அவை துணிந்து மேயும். அடியில் அமிழும் சிறு குருணை, உறைந்த இரத்தப்புழு, பொடியாக நறுக்கிய வாவி இறால், அவித்த வெள்ளரித் துண்டு என மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். சின்ன நத்தையை அவை ஓட்டிலிருந்து உறிஞ்சி எடுக்கும். அதற்காக, தொட்டியில் பெருகிய நத்தையை ஒழிக்க என்று மட்டும் இதை வாங்காதீர்கள். நத்தை தீர்ந்த பிறகும் மீன் இருபது வருடம் இருக்கும். நுளம்புக் குடம்பி நல்ல தீனிதான். ஆனால் டெங்கு திரியும் ஊரில் அதற்காகத் தண்ணீர் தேக்கி வைப்பது அயலவருக்குச் செய்யும் தீங்கு.

தின்றும் மெலிகிற குஞ்சு தனிக் கவனம் கேட்கும். மேலிருந்து பார்த்தால் தலைக்குப் பின்னால் முதுகு கத்தி விளிம்பாகத் தெரியும். ஆற்றில் பிடித்த குஞ்சின் குடலில் புழுவோ வேறு ஒட்டுண்ணியோ இருக்கும். புழுவுக்கு லெவமிசோல் வேலை செய்கிறது. அளவை மிருக வைத்தியரிடம் கேட்டுத் தனித் தொட்டியில் கொடுத்து, அடியில் விழும் கழிவை உறிஞ்சி எடுத்து, இரண்டு மூன்று கிழமையில் திரும்பவும் கொடுக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வரும் புழுவுக்கு அந்த இரண்டாம் முறை.

இந்த மீன் வளர்ப்பவர் அத்தனை பேரும் பயப்படுவது வெண்புள்ளி நோய்க்கு. எங்கள் ஊரில் அது பெரும்பாலும் மாரியில் வரும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் விடாத மழையும் சேர்ந்தால், 29, 30 பாகையில் இருந்த தொட்டி இரவோடிரவாக 24, 25 பாகைக்கு இறங்கும். லோச்சின் செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்தவை. ஆகவே ஒரே தொட்டியில் பத்து வகை மீன் இருந்தாலும் உப்புக் குருணை தூவியது போன்ற புள்ளி முதலில் லோச்சில்தான் தெரியும்.

அந்த ஒட்டுண்ணிக்கு மூன்று பருவம். மீனின் தோலுக்கடியில் இருந்து வளர்வது ஒன்று. வளர்ந்ததும் அடியில் விழுந்து கூடு கட்டி நூற்றுக்கணக்காகப் பிரிவது அடுத்தது. பிரிந்தவை புது மீன் தேடி நீந்துவது மூன்றாவது. மருந்து கொல்வது நீந்துகிற பருவத்தை மட்டும். தண்ணீர் குளிர்ந்தால் இந்தச் சுற்று கிழமைக்கணக்கில் இழுபடும். 30 பாகையில் சில நாளில் முடியும். அதனால் நான் ஹீற்றரைப் போட்டு, சில மணித்தியாலத்துக்கு ஒரு பாகையாக 30 வரை ஏற்றுவேன். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும் என்பதால் எயர் பம்ப் இரண்டாகும். தினமும் அடி மணலை உறிஞ்சித் தண்ணீரில் கால்வாசி மாற்றுவேன். மலக்கைற் கிறீன் உள்ள மருந்தைப் போத்தலில் எழுதியிருக்கும் அளவில் பாதிதான் விடுவேன். லோச்சின் தோல் முழு அளவைத் தாங்காது. செம்பு சேர்ந்த மருந்தைத் தொடுவதே இல்லை. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். புள்ளி மறைந்தது என்று மருந்தை நிறுத்திய வீடுகளில்தான் இரண்டாம் முறை வந்து மொத்தக் கூட்டத்தையும் எடுத்துப் போகிறது.

இதெல்லாம் கரண்ட் இருந்தால். 2022இல் நாடு முழுக்க மின்வெட்டு நீண்டு, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. அந்த மாதங்களில் நாங்கள் படித்த பாடங்கள் இன்றைக்கும் உதவும். பற்றரியில் ஓடும் எயர் பம்ப் ஒன்று ஒவ்வொரு லோச் வீட்டிலும் இருக்கட்டும். கரண்ட் இல்லாத நேரம் தீனி போடாதீர்கள். பல மணித்தியாலம் நின்ற மூடிய பில்டருக்குள் பற்றீரியா மூச்சு முட்டிச் செத்துத் தண்ணீர் கெட்டிருக்கும். அதைக் கழுவாமல் திரும்ப ஓட விடாதீர்கள். எயர் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர் இந்த ஊருக்கு ஏற்றது.

முதல் மூன்று மாதத்தைத் தாண்டிய குஞ்சு எளிதில் சாகாது. முதல் வருடத்தில் மூன்று அங்குலம் ஆகும். அதன்பின் ஆறுதலாக வளர்ந்து, எட்டு, பத்து அங்குலம் வரும். ஆற்றில் 30 சென்ரிமீற்றர்வரை வளரும். வளர வளரக் குழாயையும் முட்டி வாயையும் மாற்றுங்கள். ஒரு வருடத்துக்கு முன் புகுந்த துளையில் இன்றைக்குப் புகுந்து இறுகிச் சாகும் மீன்கள் உண்டு. வளர்ந்த ஐந்து மீனுக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி வேண்டும். அது சுமார் 680 லீற்றர். தண்ணீரும் கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் முக்கால் தொன்னைத் தாண்டும். அதைத் தாங்கும் தரையும் கிழமைக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்ற நேரமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

தாய் மீன்கள் ஆற்றில் மிஞ்ச வேண்டும் என்று, 15 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கிளவுன் லோச்சை ஏற்றுமதி செய்ய இந்தோனேசியா தடை போட்டிருக்கிறது. அந்த நாடு ஆற்றைக் காக்க முனையும்போது, அந்த ஆற்றின் பிள்ளையை வாங்கும் எங்களுக்கும் கடமை உண்டு. மீன் சாகச் சாக வருடத்தில் பத்துத் தரம் வாங்கும் வாடிக்கையாளர் எனக்கு வேண்டாம். ஒரு முறை ஐந்து குஞ்சு வாங்கி, இருபது வருடம் வைத்திருப்பவர்தான் வேண்டும். தொழிலுக்கு அது நட்டமென்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வளர்ப்பவர்கள் இந்தக் கடையை விட்டு வேறெங்கும் போனதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியாமல் போனால் மீனைக் குளத்திலோ ஆற்றிலோ வாவியிலோ விடாதீர்கள். தொட்டி துடைக்கக் கொண்டுவந்த உறிஞ்சு மீனும், அழகுக்கு வாங்கிய கத்தி மீனும் இப்படி வெளியே விடப்பட்டுத்தான் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகி, எங்கள் சொந்த மீன்களின் இடத்தைப் பிடித்தன. எந்தக் கடையில் வாங்கினீர்களோ அங்கேயே திருப்பிக் கொடுங்கள். என்னிடம் வாங்கியதாக இல்லாவிட்டாலும் நான் எடுத்துக்கொள்வேன்.